பிரிந்து வந்த சபையில் கணக்குக் கேட்டால் அது பிரிவினையின் ஆவியா?

2023 ஜூன் 12

ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருப்பது:

"நாங்கள் சேர்வராயன் மலைமேல் இருக்கிறோம். தாய்ச்சபையில் ஒரே குடும்பம் பதவியை விட்டு இறங்கவே இல்லை என்று 2014இல் முப்பது குடும்பம் வெளியே வந்தோம். இப்போது தனிச் சபை, தனி ஷெட். போன மாதம் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, கட்டட நிதியில் இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். 'இது பிரிவினையின் ஆவி', சபையை உடைக்கப் பார்க்கிற பேச்சு என்றார் பாஸ்டர். அடுத்த வாரத்திலிருந்து யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. நான் கேட்டது தப்பா?"

தப்பே இல்லை. இதே வார்த்தையை என் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறார்கள். சேலத்தில் இப்படிப் பிரிந்து வந்த ஒரு சபையில் ஐந்து வருடம் கணக்கு எழுதினேன். பிழைப்பும் அதுதான்: செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு.

பட்டறையில் எப்படி என்று சொல்கிறேன். வியாபாரியிடமிருந்து கட்டி வெள்ளி வரும். தராசில் வைத்து, எடையைச் சீட்டில் எழுதி, கொடுத்தவர் வாங்கினவர் இருவரும் கையெழுத்து. உருக்கப் போகும்போது ஒரு எடை, கம்பியாகி வரும்போது ஒரு எடை, பற்றவைக்கப் போகும்போது ஒன்று, மெருகு முடிந்து கொலுசாக வரும்போது ஒன்று. சேதாரத்தை எழுதச் சீட்டில் தனியாக ஒரு வரி. சாயங்காலம் தரையைக் கூட்டின தூசியைக்கூட டப்பாவில் போட்டு வைப்போம், அதிலும் வெள்ளி இருக்கிறது. பற்றவைக்கிறவர் முதலாளியின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்குப் போகும்போதும் நடுவில் தராசு இருக்கும். இத்தனை வருடத்தில் "என்னைச் சந்தேகப்படுறியா" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காணிக்கைப் பையை மட்டும் ஏன் அளக்கக் கூடாது?

2023 ஜூன் 13

நேற்று விட்டுப்போனது. எருசலேம் ஏழைகளுக்காக அப்போஸ்தலர் பவுல் சபை சபையாகப் பணம் சேர்த்தார். அதைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை. தன் உடன் ஊழியர் தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். காரணத்தையும் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் 20, 21 வசனங்களில் எழுதிவைத்திருக்கிறார்: இவ்வளவு பெரிய தொகை, ஒருவரும் எங்களைக் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது, கர்த்தர் பார்வையில் மட்டுமல்ல மனிதர் பார்வையிலும் நேர்மையாக நடக்க வேண்டும். உங்கள் பாஸ்டரிடம் வேறெதுவும் பேச வேண்டாம். இந்த இரண்டு வசனத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

2023 ஜூன் 17

ஓமலூர் சகோதரர் ஒருவர் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், பாஸ்டரைக் கேள்வி கேட்காதே என்ற அர்த்தத்தில். ஐயா, அந்த வசனம் 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. முன்னே பின்னே நாலு வசனம் படித்துப் பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம் கொஞ்சப் பேராக, சொந்த இடமில்லாமல், ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அலைகிறது. அவர்களைத் துன்புறுத்தாதே என்று தேவன் ராஜாக்களைப் பார்த்துச் சொல்கிறார். பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. மைக் கையில் இருப்பவர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சொல்வதற்கு அதில் இடமே இல்லை.

ராஜாவுக்கே அபிஷேகம் பண்ணினவர் எப்படி நடந்துகொண்டார் என்று தெரிய வேண்டுமானால் 1 சாமுவேல் 12. கிழவனாகிவிட்ட சாமுவேல் இஸ்ரவேலர் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறார். யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் கைக்கூலி வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். யாரும் கேட்காமலே தானாக எழுந்து நின்று கேட்கிறார். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும். அப்படி ஒரு பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றால் அந்தச் சபை அவருக்காக உயிரைக் கொடுக்கும்.

2023 ஜூன் 18

நேற்று எழுதியதில் சூடு அதிகம். ஓமலூர் சகோதரர் மன்னிக்கவும். சொன்ன கருத்தில் மாற்றமில்லை.

2023 ஜூன் 25

ஏற்காட்டு வாசகர் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில் போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். நிதி எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: உங்கள் சபை எந்தக் காகிதத்தின் மேல் நிற்கிறது? சங்கமா, டிரஸ்டா (அறக்கட்டளை), ஒன்றுமே இல்லையா?

சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். தணிக்கை செய்த கணக்கும் உறுப்பினர் பட்டியலும் வருடா வருடம் பதிவாளரிடம் போக வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் மனுக் கொடுத்தால் 36ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் விசாரணை வைக்கலாம். உறுப்பினர் என்று ஒரு பதிவேடு இருக்கும், அதில் உங்கள் பெயர் இருக்கும். அதுதான் பெரிய விஷயம்.

டிரஸ்ட் என்றால் நிலைமை வேறு. விசுவாசி எவ்வளவு தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தாலும் டிரஸ்டில் அவர் யாரும் இல்லை. பத்திரத்தில் பெயர் இருக்கிற நாலைந்து பேர்தான் எல்லாம். "நிறுவன அறங்காவலர் தம் ஆயுட்காலம் முழுவதும் நிர்வாக அறங்காவலராக இருப்பார், அவருக்குப் பின் அவரால் நியமிக்கப்படுபவர் இருப்பார்" என்ற மாதிரி ஒரு வரி பல பத்திரங்களில் இருக்கும். எழுதிக் கொடுப்பவர் ஒரே மாதிரியைத்தான் எல்லாருக்கும் அடித்துத் தருகிறார். அந்த வரி இருந்தால் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. அவரை யார் இறக்குவது என்று கேட்டால் பத்திரத்தில் விடை இருக்காது.

அறங்காவலரே பணத்தைக் கையாடினால் 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி கேட்கலாம்.

2023 ஜூலை 2

மேலே கடைசி வரி தவறு. அம்மாபேட்டையிலிருந்து ஒரு வக்கீல் தங்கை திருத்தியிருக்கிறார், நன்றி கண்ணு. 1882ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குத்தான், பொதுச் சமய அறக்கட்டளைக்குச் செல்லாது. நமக்கு உள்ள வழி 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, முதலில் நீதிமன்ற அனுமதி வாங்கி, வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்க, கணக்கு ஒப்படைக்க வைக்க, நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுக்கக் கேட்கலாம். இரண்டே பேர் போதும். ஆனால் மாவட்ட நீதிமன்றம் வரை போவது விளையாட்டில்லை, வருடங்கள் ஓடும்.

மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. இங்கே அறநிலையத் துறை இந்துக் கோயில்களுக்கு. நம் டிரஸ்டுகளை வருடா வருடம் திறந்து பார்க்க அப்படி ஒரு அலுவலகம் கிடையாது. வருமான வரி விலக்கு வாங்கியிருந்தால் அந்தத் துறை பார்க்கும். நிறுவனரும் அவர் உறவினரும் அந்தப் பணத்தில் பலன் அடைந்தால் அந்த அளவுக்காவது விலக்கு போய்விடும். அதற்காக அரசாங்கம் வந்து நம் பீடத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியே யாரும் பார்க்காத இடத்தில் உள்ளே பார்க்கிற கண் இரண்டு மடங்கு வேண்டும் என்கிறேன்.

2023 ஜூலை 9

"பட்டறை வியாபாரம், சபை குடும்பம், இரண்டையும் ஒப்பிடாதீர்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சரி, பட்டறையை விடுவோம். அறுப்பின் பண்டிகைக்கு வருவோம்.

சின்ன வயதில் மலைமேல் அத்தை வீட்டுக்கு அறுப்பின் பண்டிகைக்குப் போவோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் தம்பி இரண்டு தடவை வாந்தி எடுத்திருப்பான். ஆலயத்துக்குள் நுழைந்ததும் பலாப்பழ வாசனையும் பச்சை மிளகு வாசனையும் சேர்ந்து அடிக்கும். பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், ஆரஞ்சு, காப்பிக்கொட்டை மூட்டை, கால் கட்டின சேவல், முட்டைக் கூடை. ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒரு பெரியவர் வருடா வருடம் தன் தோட்டத்துப் பலாப்பழத்தைக் காணிக்கையாக வைத்துவிட்டு அதையே ஏலத்தில் எடுப்பார். "வேற யாரும் எடுத்தா என் பேத்திக்கு ஆகாதுங்க" என்பார். எல்லாரும் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஏலத்தொகையை வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள், அவரும் சந்தோஷமாகக் கொடுப்பார்.

நான் சொல்ல வந்தது அந்தக் கரும்பலகை. ஒவ்வொரு பொருள், எடுத்தவர் பெயர், தொகை, உடனுக்குடன் சுண்ணக்கட்டியில் ஏறும். கடைசியில் சின்னப் பசங்களை விட்டுக் கூட்டச் சொல்வார்கள். நான் ஒருமுறை கூட்டித் தப்பாகச் சொல்லி, போதகர் ஐயரே எழுந்து வந்து திருத்தினார். சேவலுக்கு எவ்வளவு என்பது மொத்தச் சபைக்கும் தெரியும். அதனால் யாருடைய அன்பும் குறைந்துபோகவில்லை. குடும்பம் என்கிறீர்களே, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னதும் குடும்பத்துப் பெரியவர்கள்தானே.

2023 ஜூலை 23

பிரிந்து வந்தவர்களிடம்தான் இந்த நோய் ஏன் அதிகம் என்று ஒருவர் கேட்கிறார். பிரிவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 1857இல் நெல்லைச் சீமையில் நாசரேத் பக்கம் சட்டம்பிள்ளை என்பவரோடு வெளியே வந்தவர்களுக்கு மிஷனரிகளின் பேச்சும் நடத்தையும் தங்கள் மானத்தைத் தொட்டது என்ற காரணம் இருந்தது. 1886இல் சென்னையில் டாக்டர் பல்னி ஆண்டி தேசியச் சபை தொடங்கினார், வெளிநாட்டுச் சங்கங்களின் பிரிவுகளைத் தாண்டி நம்மவர் கையில் ஒரு சபை வேண்டும் என்று. பிரிந்து கிடந்தவர்கள் சேர்ந்ததும் உண்டு: 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை.

பெரிய திருச்சபைகளில் ஊழல் இல்லையா என்றால், இருக்கிறது, வழக்குகளும் நடக்கின்றன. ஆனால் அங்கே சண்டை போட ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. சபைக் கமிட்டி, அதற்கு மேல் பேராயக் கவுன்சில், அதற்கு மேல் சினாட் என்ற தலைமை மன்றம். தேர்தலில் தில்லுமுல்லு நடந்தது என்று சொல்லவே முதலில் தேர்தல் இருக்க வேண்டும். அங்கே நிலமும் பொதுவாக ஆயர் பெயரில் இருப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபைச் சொத்துகளுக்கென்று கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒரு டிரஸ்ட் அசோசியேஷனே இருக்கிறது. ஆயர் மாற்றலாகிப் போவார், நிலம் அங்கேயே இருக்கும்.

நாங்கள் வெளியே வந்தது 2009இல். எந்தச் சபையிலிருந்து என்று கேட்காதீர்கள். முதல் ஆறு மாதம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆராதனை. முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனையோடு திருவிருந்து அப்பம் எடுப்போம். நான் வாழ்ந்ததிலேயே அதுதான் நல்ல காலம் என்று இன்றும் சொல்வேன். அப்போது ஒருநாள் ஒரு பெரியவர், விதிமுறை எழுதிவிடலாமே என்றார். "விதிப்புத்தகம் வெச்சிருந்த இடத்திலிருந்துதானே அடிபட்டு வந்திருக்கோம், அன்பு இருக்கும்போது சட்டம் எதுக்குங்க?" என்றார் பாஸ்டர் ஐயா. எல்லாரும் ஆமென் சொன்னோம். சத்தமாகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அவர் ஏமாற்றுவதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அடிபட்டு வந்தவர் அவரும்தான். விட்டு வந்த சபையில் ஆள் சரியில்லை என்று நினைத்தோம். அதனால் நல்ல ஆளைத் தேடினோம், கிடைத்தார். நல்ல ஆள் கிடைத்துவிட்டதால் வேறெதையும் தேடவில்லை. அங்கேதான் நாங்கள் சறுக்கினோம்.

2023 ஆகஸ்ட் 5

கிட்டத்தட்ட இரண்டு மாதமாக இங்கே எழுதுகிறேன், ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவெல்லாம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

2012இல் எங்கள் சபை நிலம் வாங்கியது. பெண்கள் வளையல் கழற்றிக் கொடுத்த பணம் அதில் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் எழுதியது நான், அதனால் எனக்குத் தெரியும். அப்போது டிரஸ்ட் பதிவாகவில்லை. "இப்போதைக்கு ஐயா பேர்ல வாங்கிக்கலாம், டிரஸ்ட் ஆனதும் மாத்திக்கலாம்" என்று முடிவாயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒருவர் அவருடைய மைத்துனர். இன்னொரு சாட்சி நான்.

கையெழுத்துப் போடும்போது, வாங்குபவர் என்ற இடத்தில் தனி மனிதர் பெயரைப் படித்தேன். பட்டறையில் ஒரு கிராம் வித்தியாசம் வந்தால் வீட்டுக்குப் போகாதவள் நான். அங்கே வாயைத் திறக்கவில்லை. டிரஸ்ட் அடுத்த வருடமே பதிவாயிற்று. நிலம் மாறவில்லை. 2016இல் "இது எப்போ மாத்துறோங்க?" என்று கேட்டேன். அந்த மாதமே கணக்குப் புத்தகம் என் கையிலிருந்து மைத்துனர் கைக்குப் போயிற்று. பிரிவினையின் ஆவி என்ற பேச்சு அப்போது வந்ததுதான்.

2023 ஆகஸ்ட் 6

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவர் கடுமையாகவே கேட்டிருக்கிறார். கேட்கலாம், உரிமை உண்டு.

2011இல் என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று ராத்திரி இருந்தார். மூன்று ராத்திரியும் பாஸ்டர் ஐயா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கி வந்து கொடுத்தார். அப்பா மூச்சு நின்றபோது கண்ணை மூடிவிட்டது அவர் கைதான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, பத்திரத்தில் பெயரை மாற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? நன்றியும் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்தால் நன்றிதான் ஜெயிக்கிறது. அதனால்தான் ஊழியம் செய்கிறவர் கையில் கணக்கு இருக்கக் கூடாது என்கிறேன். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை. நம்மால் அவரைக் கேட்க முடியாது என்பதற்காக. அப்போஸ்தலர் 6இல் விதவைகளின் பந்தி விசாரிப்பில் முறுமுறுப்பு வந்தபோது அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் அதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. சபையையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

இன்னொன்று, வக்கீல் தங்கை சொல்லித் தெரிந்துகொண்டது. பாஸ்டர் ஐயா உயில் எழுதாமல் நாளைக்கே இறந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பாஸ்டரம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகன் பெங்களூரில் இருக்கிறான், நல்ல பையன். ஆனால் அவனை நம்பியா இருநூறு பேர் ஆராதிக்க வேண்டும்? வளையல் கொடுத்தவர்களில் ஆறு பேர் இப்போது உயிரோடு இல்லை.

2023 ஆகஸ்ட் 20

ஏற்காட்டு வாசகர் ஒரு தகவல் போட்டிருக்கிறார். அவர்கள் ஷெட்டில் காணிக்கைக்கு க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் நிலம் தனி ஆள் பெயரில் இருப்பதைப் படித்ததும் அதை ஸ்கேன் செய்து, பணம் அனுப்பும் முன் வரும் பெயரைப் பார்த்தாராம். பாஸ்டர் மகன் பெயர் வந்திருக்கிறது.

எல்லாரும் உங்கள் சபையில் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். அரை நிமிட வேலை. சபை பெயர் வந்தால் நிம்மதி. தனி ஆள் பெயர் வந்தால் கூட்டத்தில் எழுந்து கத்த வேண்டாம். இரண்டு பேராகப் போய்த் தனியாகக் கேளுங்கள். மத்தேயு 18 சொல்கிற வழியும் சபைக்கு முன்னால் கொண்டுபோகும் முன் தனியே, பிறகு ஒன்றிரண்டு பேரோடு பேசுவதுதான். வங்கிக் கணக்கு சபை பெயரில், காசோலைக்கு இருவர் கூட்டுக் கையெழுத்து, அந்த இருவர் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. இதைச் செய்ய எந்தச் சட்டமும் வேண்டாம், ஒரு வாரம் போதும்.

நிலம் யார் பெயரில் என்று பார்க்க, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசு இல்லாமலே பார்க்கலாம். டிரஸ்ட் பத்திர நகல் அப்படி எளிதில் வராது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் நிலப் பத்திரங்கள் ஏறுகிற 1ஆம் புத்தகம் எல்லாருக்கும் திறந்தது. நிலம் சம்பந்தப்படாத பத்திரங்கள் ஏறுகிற 4ஆம் புத்தகத்திலிருந்து அதில் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் நகல். அதனால் அதைப் பாஸ்டரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

2023 செப்டம்பர் 17

ஏற்காட்டிலிருந்து நல்ல செய்தி, பாதி நல்ல செய்தி. இரண்டு பேர் போய்ப் பேசியிருக்கிறார்கள். முதலில் கோபம். பிறகு பாஸ்டரம்மா உள்ளேயிருந்து வந்து, "அவங்க கேக்குறது நியாயந்தானேங்க" என்றாராம். க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டார்கள். கட்டட நிதியின் தொகையை நோட்டீஸ் பலகையில் எழுதிவிட்டார்கள், செலவை இன்னும் எழுதவில்லை. பத்திரத்தைக் காட்டவில்லை. வாசகரின் பக்கத்தில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தாராம். அதை அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பட்டறையில் வேலையை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2023 அக்டோபர் 7

அந்தப் பாட்டி எனக்கும் தைரியம் கொடுத்துவிட்டார். நேற்று எங்கள் சபை நிலத்தின் வில்லங்கச் சான்று பார்த்தேன். இன்னும் பாஸ்டர் ஐயா பெயர்தான், அடமானம் எதுவும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டிரஸ்ட் பெயருக்கு மாற்றினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். செலவாகும் என்று சொல்வார்கள், அதனால் அதற்கும் சேர்த்து எழுதியிருக்கிறோம்: தொகையைச் சபையாரே பிரித்துக் கொடுக்கிறோம், ஐயா ஒரு ரூபாய் போட வேண்டாம், வந்து கையெழுத்து மட்டும் போடட்டும்.

கடிதம் ஒரு பக்கம்தான். குற்றம் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்ததை முதல் வரியில் எழுதினேன். 2012இல் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான், அது என் தவறும்தான் என்று இரண்டாவது வரி. இதுவரை பதினொரு பேர் கையெழுத்து, அதில் எட்டுப் பேர் பெண்கள். மைத்துனரின் மனைவியும் போட்டிருக்கிறார். அவர் கொடுத்தது இரண்டு வளையல், ரசீது எண்ணை அவரே ஞாபகம் வைத்திருந்தார்.

நாளை ஆராதனை முடிந்து, எல்லாரும் போன பிறகு கொடுக்கிறோம். மூன்று நகல் எடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போட ஒரு வரி விட்டிருக்கிறது.